"பார்ட்ஸ் வரல்ல மக்களே..." - 37 நாள் காத்திருப்பும், கம்ப்யூட்டர் ரிப்பேரில் யாரும் சொல்லாத அந்தத் தேதியும்!

"இன்னும் பார்ட்ஸ் வரல்ல மக்களே... வந்ததும் நாங்களே கூப்பிடுதோம்!"

நாகர்கோவில் பக்கம் லேப்டாப்பையோ டெஸ்க்டாப்பையோ சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் இந்த வரியை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். சொல்பவர் குரலில் அலட்சியம் இருக்காது. பல நேரம் நிஜமான வருத்தமே இருக்கும். ஆனால், "சரிண்ணே... எப்போ வரும்?" என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள். அதற்குத்தான் பதிலே கிடைக்காது.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐப்பசி மழை இடி இல்லாமல் வராது. மத்தியானம் வரை வெயில் அடிக்கும்; மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும்; அப்புறம் வெட்டும் பாருங்கள் ஒரு வெட்டு... அப்படி ஒரு சாயங்காலம், சார்ஜில் கிடந்த தங்கையின் லேப்டாப் போய்விட்டது. பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் லைட் எரியவில்லை. எம்.எஸ்சி கடைசி வருஷம் படிக்கிறாள். டிசம்பரில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. மொத்த வேலையும் அந்தப் பெட்டிக்குள்.

மறுநாள் காலையிலேயே அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். லேப்டாப் திரும்பக் கைக்கு வந்தது 37-வது நாள்!

இந்த 37 நாளும் எங்கே போனது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், கடைசியில் ஜாப் ஷீட்டையும் கூரியர் ரசீதுகளையும் கேட்டு வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

1-வது நாள், லேப்டாப்பைக் கொடுத்தோம். 5-வது நாள், 'மதர்போர்டு போயிருச்சு, இடி விழுந்ததால வாரன்டியில வராது' என்று எஸ்டிமேட் வந்தது. 6-வது நாள், அட்வான்ஸ் கட்டினோம். 10-வது நாள்தான் கம்பெனியின் குடோனிலிருந்து போர்டு கிளம்பியது. 12-வது நாள் நாகர்கோவில் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், அதே மாடல்தான், ஆனால் வேறு பிராசஸர் உள்ள போர்டு! திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு 31-வது நாள் வரை 'ஆர்டர் போட்டிருக்கு' என்ற ஒரே பதில்தான். சரியான போர்டு 31-வது நாள் கிளம்பி 34-வது நாள் வந்தது. பொருத்தி, சோதித்துக் கொடுத்தது 37-வது நாள்.

அதாவது, எங்களுக்காக அந்த போர்டுகள் பயணம் செய்தது முதலில் 2 நாள், பிறகு 3 நாள். மொத்தம் 5 நாள்தான். மீதி 32 நாளும் வண்டியிலோ ரயிலிலோ போகவில்லை. வரிசையிலும், ஒப்புதலிலும், தப்பான ஆர்டரிலும், 'ஸ்டாக் இல்லை' என்ற வார்த்தையிலும் போயிருக்கிறது.

தூரத்தின் மேல் பழி போட முடியுமா?

'நாம இந்தியாவோட கடைசி முனையில இருக்கோம்லா, பொருள் வந்துசேர நாளாகத்தான் செய்யும்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பும் வந்தே பாரத் ரயில் சுமார் 9 மணி நேரத்தில் நாகர்கோவில் வந்துவிடுகிறது. 2024 ஆகஸ்ட் 31-ம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட சேவை இது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாயங்காலம் வாங்கும் பொருளை ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டால், மறுநாள் காலையில் இங்கே எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் வருஷக்கணக்காகச் செய்துவரும் வேலைதான் இது.

மேற்கே போனால் இன்னும் பக்கம். களியக்காவிளைக்காரர்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம்தான் கிட்ட. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி வந்தபிறகு வரி செக்போஸ்ட்களும் எடுக்கப்பட்டுவிட்டன. பொருள் எல்லை தாண்டி வருவதில் பழைய சிக்கல் இல்லை.

ஆக, பொருள் இருந்தால் ஓரிரு நாளில் வந்துவிடும். கேள்வி என்னவென்றால், பொருள் எங்கே இருக்கிறது, அதை அனுப்பச் சொல்ல வேண்டியவர் யார், அதற்கு நாள் கணக்கு உண்டா என்பதுதான்.

எல்லா பார்ட்ஸுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம். கம்ப்யூட்டரின் உதிரிபாகங்கள் இரண்டு வகை. ஒன்று, எந்தக் கம்பெனி தயாரித்தாலும் எல்லாவற்றிலும் பொருந்தும் பொதுவான பாகம். இன்னொன்று, அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு மட்டுமே பொருந்தும் தனி பாகம்.

கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் என்ற பொது அளவுமுறையைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான அசெம்பிள்டு டெஸ்க்டாப்கள் பின்பற்றுகின்றன. எஸ்.எம்.பி.எஸ் போனால், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் வேறொன்று வாங்கி அன்றைக்கே மாட்டிவிடலாம். எஸ்.எஸ்.டி, ஹார்டு டிஸ்க், ரேம், மானிட்டர், கீபோர்டு எல்லாமே அப்படித்தான்.

லேப்டாப்பில் கதை வேறு. மதர்போர்டு, ஹிஞ்ச், பாடி பேனல், கீபோர்டு, பேட்டரி எல்லாம் அந்தந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டவை. ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்பிலேயே பிராசஸர், கிராபிக்ஸ், டிஸ்ப்ளே மாறி மாறி நாலைந்து வேரியன்ட் இருக்கும். டிஸ்ப்ளேயை எடுத்துக்கொண்டால் சிலவற்றில் கேபிள் கனெக்டர் 30 பின், சிலவற்றில் 40 பின். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டினால் பொருந்தாது. எங்களுக்குத் தப்பான போர்டு வந்தது இப்படித்தான். மெல்லிசான லேப்டாப்களில் ரேமையே போர்டில் சால்டர் பண்ணிவிடுகிறார்கள். ரேம் போனால், போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

பிராண்டட் டெஸ்க்டாப்பும், எல்லாம் ஒன்றாக இருக்கும் 'ஆல் இன் ஒன்' மாடலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை. வெளியில் டெஸ்க்டாப் மாதிரி தெரியும். உள்ளே எஸ்.எம்.பி.எஸ் அளவும் கனெக்டரும் அந்தக் கம்பெனிக்கே உரியதாக இருக்கலாம். அப்போது லேப்டாப்புக்குக் காத்திருப்பது போலத்தான் இதற்கும் காத்திருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கென்று கூடுதல் தலைவலிகளும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரி கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் போர்டிலும் கனெக்டரிலும் பச்சை பிடிக்கும். ஐப்பசி இடி வேறு சார்ஜரையும் மோடத்தையும் தேடி வரும். ரிப்பேர் அதிகமாக வரும் இடத்தில்தான் தனி பாகங்களின் இருப்பு குறைவாக இருக்கிறது.

சர்வீஸ் சென்டர்காரர் ஏன் தேதி சொல்வதில்லை?

நாம் கோபப்படுவது கவுன்டரில் இருக்கும் அந்த அண்ணனிடம்தான். அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். சின்ன நகரங்களில் 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்' என்று போர்டு வைத்திருப்பவை பெரும்பாலும் கம்பெனி நேரடியாக நடத்துபவை அல்ல. ஒப்பந்தம் எடுத்த ஒருவர் நடத்துகிறார். சில இடங்களில் ஒரே கவுன்டரில் இரண்டு, மூன்று பிராண்டுகளுக்கு வேலை நடக்கும். எல்லா மாடலின் மதர்போர்டையும் அவர் காசு போட்டு வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்க முடியாது.

எனவே ஒவ்வொரு ரிப்பேருக்கும் அவர் கம்பெனியின் சிஸ்டத்தில் கோரிக்கை போடுகிறார். பக்கத்துக் குடோனில் இருந்தால் உடனே வரும். இல்லையென்றால் பெரிய குடோன். அங்கும் இல்லையென்றால் 'பேக் ஆர்டர்', அதாவது, வெளிநாட்டிலிருந்து அடுத்த சரக்கு வரும்வரை வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று கவுன்டரில் இருப்பவருக்கும் தெரியாது. தெரிந்தவர் நம்மிடம் பேசுவதில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குடோனில் பழைய மாடலின் போர்டை அடுக்கிவைப்பது கம்பெனிக்குச் செலவு. அடுக்காமல் விட்டால் வரும் செலவு நம்முடையது. கல்லூரிப் பிள்ளையின் ப்ராஜெக்ட், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் சம்பள நாள், ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போட வேண்டிய கடைக்காரரின் அபராதம்... இதெல்லாம் எந்த எஸ்டிமேட்டிலும் வராது. எங்கள் வீட்டிலேயே, தங்கை தோழியின் லேப்டாப்பை ராத்திரி மட்டும் கடன் வாங்கி வேலை பார்த்தாள். பகலில் பிரவுசிங் சென்டர், மணிக்கணக்கில் காசு.

குலசேகரம், அருமனை, கொல்லங்கோடு பக்கமிருந்து வருபவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. 'வந்து பாருங்க' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் பஸ் மாறி நாகர்கோவில் வந்து, வெறும் கையோடு திரும்ப வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் இடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான். 91.75 சதவிகிதம். படிக்கும் பிள்ளை இல்லாத வீடு குறைவு. அந்தப் படிப்பு இப்போது கம்ப்யூட்டரை நம்பித்தான் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தரப்போவதாக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் அத்தனை மெஷின்களும் ஒருநாள் ரிப்பேருக்கு வரும். அன்றைக்கு போர்டும் பேட்டரியும் எத்தனை நாளில் மாவட்டத்துக்கு வந்துசேரும் என்பதையும் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

ரேம் விலை ஏறியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

'சாதாரண ரேம்தானே, பொதுவான பாகம்தானே, உடனே கிடைக்கும்' என்று சொன்னேன் அல்லவா? அதிலும் இப்போது சிக்கல் வந்திருக்கிறது.

உலகத்தில் மெமரி சிப் தயாரிப்பதில் பெரும்பங்கு மூன்று கம்பெனிகளிடம் இருக்கிறது. சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான். ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி அள்ள அள்ளப் போதவில்லை என்பதால், லாபம் அதிகமான அந்தப் பக்கம் உற்பத்தியைத் திருப்பிவிட்டார்கள். 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. டிசம்பர் 3-ம் தேதி மைக்ரான் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. வீட்டு உபயோகத்துக்கு ரேமும் எஸ்.எஸ்.டி-யும் விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்ட் வியாபாரத்தை விட்டே விலகுவதாகவும், 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னது. நம் ஊரில் பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கக் கடைக்காரர்கள் எடுத்துக்கொடுக்கும் பெயர்களில் அதுவும் ஒன்று.

இதே நேரத்தில்தான் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியுமா, ரேம் கூட்டலாமா, புதுசே வாங்கிவிடலாமா என்று வீடுகளில் யோசிக்கும் சமயத்தில் ரேமுக்குத் தட்டுப்பாடு.

இது முதல்முறையும் இல்லை. 2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது, அங்கிருந்த ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. எங்கோ ஒரு நாட்டில் மழை பெய்தால், நம் ஊர்க் கடையில் 'ஸ்டாக் இல்ல' என்று சொல்லும் வியாபாரம் இது. அதனால்தான் எல்லாத் தாமதத்துக்கும் கம்பெனிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'தட்டுப்பாடு, இரண்டு மாசம் ஆகும்' என்று முதல் நாளே சொல்வதற்கு யாருக்கும் தடை இல்லையே! அது தெரிந்தால் நாம் வேறு வழி பார்ப்போம்.

வெளிக்கடையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 'சிப் லெவல் சர்வீஸ்' செய்யும் கடைகள் நம் மாவட்டத்திலும் உண்டு. மொத்த போர்டையும் மாற்றாமல், அதில் கெட்டுப்போன ஒரு ஐ.சி-யையோ கெப்பாசிட்டரையோ மட்டும் கண்டுபிடித்து மாற்றுவார்கள். ஓடாமல் போன பழைய போர்டுகளை வாங்கி வைத்து, அதிலிருந்து நல்ல சிப்பைக் கழற்றி மாட்டுவார்கள். புது போர்டு விலையோடு ஒப்பிட்டால் செலவு குறைவு; பல நேரம் நாளும் குறைவு.

ஆனால் இவர்களுக்கும் கை கட்டப்பட்டிருக்கிறது. கம்பெனியின் ஒரிஜினல் பாகமும், போர்டின் சர்க்யூட் படமும் வெளிக்கடைக்காரருக்கு முறையாகக் கிடைப்பது அரிது. கம்பேட்டிபிள் பேட்டரி, கழற்றியெடுத்த டிஸ்ப்ளே என்று கிடைத்ததை வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். தரம் கடைக்குக் கடை மாறும். வாரன்டி இருக்கும் மெஷினை வெளியில் பிரித்தால், கம்பெனி வாரன்டியை மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். வாரன்டி முடிந்த லேப்டாப் என்றால் தெரிந்த, நம்பிக்கையான சிப் லெவல் கடையில் முதலில் காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

'கம்ப்யூட்டர் பார்ட்ஸை இத்தனை நாளுக்குள் தர வேண்டும்' என்று நாள் கணக்கு வைத்திருக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் சுற்றிலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன.

கார் உதிரிபாகங்களில் இதே சண்டை ஏற்கெனவே நடந்தது. வெளி மெக்கானிக்குகளுக்கு ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கவிடாமல் செய்ததாக, 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீடு, வழக்கு என்று போனாலும், 'உதிரிபாகத்தைப் பூட்டி வைப்பது தப்பு' என்ற வாதம் அப்போதே பதிவாகிவிட்டது.

2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று 'ரைட் டு ரிப்பேர் இந்தியா' இணையதளம் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் இருக்கின்றன. அடுத்ததாக, ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மார்க் போடும் குறியீட்டுக்காக அமைக்கப்பட்ட குழு, 2025 மே மாதம் தன் அறிக்கையைக் கொடுத்தது. அந்த மார்க்குக்கான அளவுகோல்களில், உதிரிபாகங்கள் நியாயமான காலத்துக்குள் கிடைக்கிறதா என்பதும் ஒன்று. வாங்கும் இடத்திலேயே இந்த மார்க் தெரிய வேண்டும் என்கிறது அறிக்கை. ஆனால் முதல் கட்டமாகப் பேசுவது ஸ்மார்ட்போனையும் டேப்லெட்டையும்தான். லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் வரிசையில் பின்னால் நிற்கின்றன.

வெளிநாடுகளில் என்ன நடக்கிறது? பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்தே லேப்டாப் விற்கும்போது 10-க்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மார்க்கைக் காட்ட வேண்டும். உதிரிபாகம் கிடைப்பதும் அதன் விலையும் அந்த மார்க்கில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும் நாள் கணக்கே வந்துவிட்டது. முக்கியமான பாகங்களை 5 முதல் 10 வேலை நாளுக்குள் தர வேண்டும். அந்த மாடல் விற்பனை நின்றபிறகும் 7 வருடத்துக்குத் தர வேண்டும். ஆக, தேதி சொல்வது முடியாத காரியம் இல்லை. சொல்லச் சொன்னால் சொல்கிறார்கள்.

நமக்கு இப்போதைக்குக் கையில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதில் 'சேவைக் குறைபாடு' என்பதற்கான விளக்கத்தில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடுதான். பாகம் ஸ்டாக்கில் இல்லை என்று தெரிந்தே 'ரெண்டு நாள்ல வந்துரும்' என்று வாரக்கணக்கில் இழுத்தால், இந்த வரியைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

கொடுக்கும் முன்... இதையெல்லாம் செய்யுங்க!

* பேக்கப்: மெஷின் ஓடும்போதே முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ கிளவுடிலோ போட்டு வையுங்கள். ஓடாத லேப்டாப் என்றால், எஸ்.எஸ்.டி-யைக் கழற்ற முடியுமா, அதை வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

* பிட்லாக்கர் கீ: விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினால், திறக்க 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்து வையுங்கள்.

* ஜாப் ஷீட்: கையெழுத்தும் தேதியும் உள்ள ரசீது இல்லாமல் மெஷினை விட்டு வராதீர்கள். சீரியல் நம்பர், புகார் எண், ஏற்கெனவே உள்ள கீறல் எல்லாம் அதில் இருக்கட்டும். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

* மூன்று கேள்விகள்: 'பார்ட் நம்பர் என்ன? இப்போ ஸ்டாக்ல இருக்கா, பேக் ஆர்டரா? எந்தத் தேதிக்குள்ள வரும்?' பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் வாங்குங்கள். சீரியல் நம்பரையும் பார்ட் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், தப்பான வேரியன்ட் வருவதைத் தவிர்க்கலாம்.

* அட்வான்ஸ்: முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். சொன்ன தேதியில் பாகம் வராவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, அதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

* வாங்கும்போதே: விலை, டிசைன் பார்ப்பதோடு, அந்த பிராண்டுக்கு நம் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரன்டியா, நாம் தூக்கிக்கொண்டு போகும் வாரன்டியா என்று பாருங்கள். ரேமும் எஸ்.எஸ்.டி-யும் தனியாகக் கழற்றி மாட்டும்படி இருக்கிற மாடலே நல்லது. வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்த என்றால், அசெம்பிள்டு டெஸ்க்டாப்பையும் யோசியுங்கள்.

* இடி வெட்டும்போது: சார்ஜரை ப்ளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோடத்துக்கு வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒன்றைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

இழுத்தடித்தால் எங்கே போவது?

முதலில் கம்பெனியின் தலைமைப் புகார் மெயிலுக்கு, ஜாப் ஷீட்டை இணைத்து, 'இந்தத் தேதிக்குள் முடித்துத் தர வேண்டும்' என்று எழுதுங்கள். கவுன்டரில் சொன்னால் காற்றோடு போகும்; மெயில் நிற்கும்.

அடுத்தது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்துத் தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் செய்யலாம். இது வழக்கு அல்ல. கம்பெனியிடம் உங்கள் புகாரைக் கொண்டுபோய் பதில் கேட்கும் ஏற்பாடு.

அதிலும் தீராவிட்டால், நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி, கம்பெனியின் தலைமையகம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்னை தொடங்கிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே உங்களைக் காப்பாற்றப்போவது, மேலே சொன்ன ஜாப் ஷீட்டும், எழுத்தில் வாங்கிய தேதியும்தான்.

கடைசியில் என்ன ஆச்சு?

37-வது நாள் லேப்டாப் வந்தது. ஆசை ஆசையாக ஆன் செய்தாள் தங்கை. நீலத் திரையில் 'ரெக்கவரி கீ' கேட்டு நின்றது. புது போர்டு அல்லவா! சர்வீஸ் சென்டரில் யாரும் இதைச் சொல்லவில்லை. அரைநாள் தேடி, அவளுடைய பழைய மெயில் ஐ.டி-யில் இணைந்திருந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் கீயைக் கண்டுபிடித்தோம். ஃபைல்கள் அப்படியே இருந்தன. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு அப்போது பத்து நாள்கூட இல்லை. ஒப்பேற்றிவிட்டாள்.

கிடைத்த நேரத்தில் முடிக்க அவளுக்குக் கடன் கொடுக்க ஒரு தோழி இருந்தாள். பிரவுசிங் சென்டருக்குக் கொடுக்க வீட்டில் காசு இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது. காத்திருக்க முடியாதவர்களில் காசு இருப்பவர், பழையதைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கிவிடுகிறார். காசு இல்லாதவர் படிப்பிலோ வேலையிலோ ஒரு மாசத்தை இழக்கிறார். புதுசு வாங்கினால் விற்பவருக்கு லாபம், மாசத்தை இழந்தால் அவருக்கு நஷ்டமில்லை. அப்படியிருக்க, காத்திருப்பைக் குறைக்க அவருக்கு என்ன அவசரம்?

சட்டம் வரும்போது வரட்டும். அடுத்த முறை கவுன்டரில் நிற்கும்போது, "எப்போ வரும்ணே?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஜாப் ஷீட்டை நீட்டி, "தேதியை இதுல எழுதித் தாங்கண்ணே" என்று சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்கு அவர்களே எழுதித் தரத் தொடங்குவார்கள்.